விம் எடிட்டர்: 2019 ஓட்டையும் அதை அடைத்த பேட்சும்

ஃபைல்களைத் திறந்து திருத்த உதவும் விம் எடிட்டரை யாருக்காவது பரிந்துரைக்கும்போது அதன் வேகத்தையோ ஷார்ட்கட்களையோ பற்றி நான் முதலில் பேசுவதில்லை. 2019 மே மாதம் அதில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பாதுகாப்பு ஓட்டையையும், அது அடைபட்ட விதத்தையும் பற்றித்தான் பேசுவேன். பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியலான சிவிஇ-யில், சிவிஇ-2019-12735 என்ற எண்ணில் பதிவாகியிருக்கும் ஓட்டை அது. அந்த எடிட்டரை நம்பி வேலை செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விம் நல்ல பொருள், தயங்காமல் பயன்படுத்தலாம். ஆனால் மோட்லைன் என்ற வசதியை அணைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒரு புள்ளி ஏன் குறைகிறது என்பதையும் சொல்கிறேன்.

கோவையில் சில சின்ன நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நாள் முழுக்கக் கருப்புத் திரையும் விம்மும்தான். லாக் ஃபைல், கான்ஃபிக் ஃபைல், யாரோ எழுதிவிட்டுப் போன ஸ்கிரிப்ட் என்று மற்றவர்களின் ஃபைல்களைத் திறந்து பார்ப்பதுதான் பிழைப்பு. "மேடம், இதுல என்ன தப்புன்னு கொஞ்சம் பாருங்க" என்று மெயிலில் வரும். எங்கிருந்து வந்தது, யார் கை பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. திறந்தால்தான் என்ன தப்பு என்று தெரியும்.

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருமுறை கேட்டான்: "அக்கா, இது வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தானே? ஓடுற புரோகிராம் ஒண்ணும் இல்லையே. திறந்து பார்த்தா என்ன ஆயிடப் போகுது?" நியாயமான கேள்வி. கணினியோடு பழகிய எல்லோருக்கும் உள்ளுக்குள் இருக்கும் நம்பிக்கை அது. இயக்குவதுதான் ஆபத்து, படிப்பதில் ஆபத்து இல்லை. 2019 ஓட்டை உடைத்தது சரியாக இந்த நம்பிக்கையைத்தான். ஃபைலைத் திறந்தாலே போதும், அதற்குள் எழுதியிருக்கும் கமாண்ட் உங்கள் கணினியில், உங்கள் பெயரில், உங்கள் அனுமதியோடு ஓடிவிடும். எதையும் சொடுக்க வேண்டாம், எதற்கும் சரி சொல்ல வேண்டாம்.

இது எப்படி நடந்தது என்று புரிய மோட்லைன் என்றால் என்னவென்று தெரிய வேண்டும். ஒரு ஃபைலின் முதல் ஐந்து வரியிலோ கடைசி ஐந்து வரியிலோ, விம் என்று குறிப்பிட்டுச் சில செட்டிங்குகளை எழுதி வைக்கலாம். இந்த ஃபைலில் டேப் நான்கு இடம், இது பைத்தான் மொழி, இப்படி. ஃபைலைத் திறக்கும்போது விம் அந்த வரியைப் படித்து, அதன்படித் தன்னை மாற்றிக்கொள்ளும். பல பேர் சேர்ந்து வேலை பார்க்கும் இடத்தில் நிஜமாகவே உதவியான வசதி. ஒருவர் நான்கு இடம் விட, இன்னொருவர் எட்டு இடம் விட, ஃபைல் அலங்கோலமாவதை அது தடுக்கும்.

சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், சில செட்டிங்குகளின் மதிப்பு வெறும் எண்ணாக இருப்பதில்லை. நீளமான ஃபைலை மடித்துக் காட்டும் வசதி இருக்கிறதே, எந்த வரியிலிருந்து எந்த வரி வரை மடிக்க வேண்டும் என்பதை ஒரு சூத்திரமாகவே எழுதலாம். அந்தச் சூத்திரத்தை விம் வரிக்கு வரி கணக்கிடும். அதாவது, முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய சூத்திரத்தை உங்கள் கணினி கணக்கிடுகிறது. இது ஆபத்து என்பது விம்மை எழுதியவர்களுக்கும் தெரியும். அதனால்தான் மோட்லைனில் வரும் சூத்திரங்களை சாண்ட்பாக்ஸ் என்ற கட்டுக்காவலுக்குள் வைத்து ஓட்டுவார்கள். அதற்குள் இருக்கும்வரை ஷெல் கமாண்ட், அதாவது கணினிக்கே நேரடியாக இடும் கட்டளை, கிடையாது, ஃபைலில் எழுத முடியாது, ஆபத்தான எதையும் தொட முடியாது.

பிறகு எப்படித் தப்பித்தது? விம்மில் சோர்ஸ் என்று ஒரு கமாண்ட் உண்டு. பின்னால் ஆச்சரியக்குறி போட்டால் அதன் குணம் மாறிவிடும். குறிப்பிட்ட ஃபைலில் இருப்பதையெல்லாம், நீங்களே கீபோர்டில் தட்டியது போல, உள்ளீட்டு வரிசையில் கொண்டுபோய் வைத்துவிடும். அந்த நொடியில் எதுவும் ஓடாது. சாண்ட்பாக்ஸ் வேலை முடிந்து கதவு திறந்தபின், விம் வழக்கம்போல அடுத்த கீ என்ன என்று பார்க்கும். அங்கே காத்திருக்கும் எழுத்துகளை நீங்கள் தட்டியதாகவே நினைத்து நிறைவேற்றும். வீட்டில் எதையும் தொடக் கூடாது என்று சொல்லி உட்கார வைத்த விருந்தாளி, கிளம்பும்போது வீட்டுக்காரரின் கையெழுத்திலேயே ஒரு சீட்டு எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனது மாதிரி.

ஆக, ஒரே ஃபைலில் இரண்டும் இருந்தால் போதும். மோட்லைனில் உள்ள சூத்திரம் "இந்த ஃபைலையே தட்டச்சாக எடுத்துக்கொள்" என்று சொல்லும். வரியின் தொடக்கத்தில் ஓட வேண்டிய ஷெல் கமாண்ட் இருக்கும். ஆர்மின் ரஸ்ம்ஜோ என்ற பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடித்துக் காட்டியது இதைத்தான். அவருடைய முதல் சான்று ஒற்றை வரி. அது ஓட்டியதும் தீங்கில்லாத ஒரு கமாண்டைத்தான்.

விம்மிலிருந்து கிளைத்து வளர்ந்த நியோவிம்முக்கும் இதே ஓட்டை இருந்தது. அங்கே இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டியது. சூத்திரத்துக்குள்ளிருந்து கமாண்ட் ஓட்ட உதவும் எக்ஸிக்யூட் என்ற ஃபங்ஷனை நியோவிம் ஏற்கெனவே சாண்ட்பாக்ஸில் தடை செய்திருந்தது. ஆனால் அசர்ட் ஃபெயில்ஸ் என்று, சோதனை எழுதுபவர்களுக்காக வைத்திருந்த இன்னொரு ஃபங்ஷனும் கமாண்டை ஓட்டும். அதை யாரும் தடை செய்யவில்லை. ஒவ்வொரு பெயராகத் தடைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனால் எப்போதும் ஒரு பெயர் விட்டுப்போகும். நான் ஃபயர்வால் விதிகள் எழுதும்போதும் இதே பாடம்தான்.

படித்தது போதாது என்று கண்ணால் பார்க்க விரும்பி, ஒரு விர்ச்சுவல் மெஷினில், அதாவது கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினியில், உபுண்டு என்ற லினக்ஸின் 18.04 பதிப்பைப் பழைய இமேஜிலிருந்து போட்டேன். நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு, எந்த அப்டேட்டும் செய்யாமல், 8.0.1453 விம்மை வைத்துக்கொண்டேன். உபுண்டு மோட்லைனை அணைத்தே தருகிறது என்பதால் சோதனைக்காக அதை இயக்க வேண்டியிருந்தது. தேதியைக் காட்டும் டேட் கமாண்டை மட்டும் வைத்து ஒரு ஃபைல் தயாரித்தேன். விம்மில் திறந்தேன். ஃபைல் திரையில் வருவதற்குப் பதிலாகத் திரை ஒரு கணம் வெறுமையாகி, அன்றைய தேதியும் நேரமும் வந்து, கீழே "தொடர என்டரை அழுத்தவும்" என்று காத்திருந்தது. நான் தட்டியது ஃபைலின் பெயரும் என்டரும்தான். டேட் இருந்த இடத்தில் வேறு எந்தக் கமாண்டும் இருந்திருக்கலாம் என்று நினைத்தபோது கை கொஞ்சம் சில்லிட்டது.

அதே ஃபைலை என் வேலைக் கணினியில் இருக்கும் விம் 9.1-க்கு எடுத்துப்போய், அங்கும் மோட்லைனை வேண்டுமென்றே இயக்கித் திறந்தேன். சிவப்பில் ஒரு செய்தி வந்தது: மோட்லைன்களைச் செயலாக்கும்போது பிழை, வரி 1, இ992, மோட்லைன்எக்ஸ்பிஆர் அணைந்திருக்கும்போது மோட்லைனில் இதற்கு அனுமதி இல்லை. எந்த வரியில் தகராறு, எந்த செட்டிங் தடுத்தது என்று இரண்டும் அதிலேயே இருக்கின்றன. மூடி மறைக்காமல், பயமுறுத்தாமல், நேரடியாகச் சொல்லும் பிழைச் செய்தி எழுதுவது ஒரு தனித் திறமை. விம்முக்கு அது எப்போதும் உண்டு.

ரஸ்ம்ஜோவின் இரண்டாவது சான்று இன்னும் கெட்டிக்காரத்தனமானது. அது ஃபைல் திறந்த உடனே தாக்குபவரின் கணினிக்கு ஷெல் இணைப்பு ஒன்றைக் கொடுத்துவிடும், அங்கிருந்தே அவர் உங்கள் கணினியில் கமாண்ட் ஓட்டலாம். அதோடு, அந்த ஃபைலையே உடனடியாக மாற்றி எழுதித் தடயத்தையும் மறைத்துவிடும். "ஃபைலைத் திரையில் அப்படியே காட்டும் கேட் கமாண்டில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் திறப்பேன்" என்பவர்களுக்கும் அதில் பதில் இருக்கிறது. திரையில் எழுத்து தெரியும் விதத்தை மாற்றும் டெர்மினல் எஸ்கேப் குறியீடுகளை இடையில் போட்டு, கேட்டில் பார்க்கும்போது மோட்லைன் கண்ணிலேயே படாதபடி செய்திருந்தார். கேட்டுடன் சிறிய வி சேர்த்துப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது முழுதாகத் தெரியும். இதைப் படித்த நாளிலிருந்து சந்தேகமான ஃபைல் எதுவானாலும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். எங்கள் பையனுக்கும் முதலில் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

இப்போது அடைத்த விதத்துக்கு வருகிறேன். என் நான்கு புள்ளிகளில் பெரும்பங்கு இதற்குத்தான்.

2019 மே 22-ஆம் தேதி விம், நியோவிம் இரண்டு தரப்புக்கும் தகவல் போனது. மே 23-ஆம் தேதி விம்மின் பேட்ச் வந்துவிட்டது, எண் 8.1.1365. நியோவிம் மே 29-ஆம் தேதி 0.3.6 பதிப்பில் சரிசெய்தது. விம்முக்கு ஒரு நாள்! அதற்கு முழுநேரக் குழு கிடையாது, பெரும்பாலும் பிராம் மூலெனார் என்ற ஒரே மனிதர் பார்த்துக்கொண்ட திட்டம் அது. காசு வாங்கிக்கொண்டு சேவை தருபவர்களிடம் ஒரு கோளாறைச் சொல்லிவிட்டு, டிக்கெட் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருந்த எனக்கு அந்த ஒரு நாளின் மதிப்பு நன்றாகத் தெரியும்.

பேட்சைத் திறந்து பாருங்கள், சி மொழி தெரியாவிட்டாலும் புரியும். சோர்ஸ் கமாண்ட் ஃபைலைத் திறக்கும் ஃபங்ஷனின் தொடக்கத்தில் ஒரு சோதனை சேர்த்திருக்கிறார்கள்: நாம் சாண்ட்பாக்ஸுக்குள் இருக்கிறோமா? ஆம் என்றால் திரும்பிவிடு. இரண்டே வரி. மேலே ஒரு குறிப்பு, சாண்ட்பாக்ஸில் ஃபைலை சோர்ஸ் செய்ய விடாதே, கமாண்டுகள் பின்னால் ஓடும், அப்போது சாண்ட்பாக்ஸுக்கு வெளியே இருக்க வாய்ப்புண்டு, என்ற பொருளில். அந்த "பின்னால்" என்பதில்தான் ஓட்டையின் முழு விளக்கமும் அடங்கியிருக்கிறது. பத்து வருடம் கழித்து அந்த நிரலைத் தொடப்போகும் ஒருவர், இந்த இரண்டு வரி எதற்கு என்று அழித்துவிடாமல் இருக்க அந்தக் குறிப்பு போதும். கூடவே ஒரு சோதனை நிரலும் சேர்ந்திருக்கிறது. சாண்ட்பாக்ஸில் சோர்ஸ் செய்தால் இ48 பிழை வருகிறதா என்று அது பார்க்கும். வருங்காலத்தில் யாராவது தெரியாமல் இந்தக் கதவைத் திறந்தால் சோதனை தோற்று, அங்கேயே தெரிந்துவிடும்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் சிவிஇ எண் தீர்ந்திருக்கும். அடுத்த பேட்ச், 8.1.1366, அதைவிட முக்கியமானது என்பது என் கருத்து. மோட்லைனில் சூத்திரம் வருவதே பாதுகாப்பில்லை என்று முடிவெடுத்து, மோட்லைன்எக்ஸ்பிஆர் என்ற புதிய செட்டிங்கைக் கொண்டுவந்து, அதை அணைத்தே வைத்தார்கள். டேப் அளவு, மொழி போன்ற எளிய செட்டிங்குகள் முன்போலவே வேலை செய்யும். சூத்திரம் வேண்டுமென்றால் நீங்களே போய் இயக்கிக்கொள்ள வேண்டும். நான் மேலே பார்த்த இ992 செய்தி இதன் வேலைதான். முதல் பேட்ச் இந்த ஓட்டையை அடைத்தது. இரண்டாவது பேட்ச், இன்னும் யாரும் கண்டுபிடிக்காத ஓட்டைகளுக்குப் போகும் வழியையும் சேர்த்து அடைத்தது.

இனி அந்த ஒரு புள்ளி. இந்த முடிவு 2019 வரை ஏன் காத்திருந்தது? மோட்லைன் வழியாக விம்மில் ஓட்டை வந்தது அது முதல் தடவை இல்லை. 2002-லேயே ஒன்று வந்தது. 2007-இல் சிவிஇ-2007-2438 வந்தது. சாண்ட்பாக்ஸுக்குள் இருக்கக் கூடாத மூன்று ஃபங்ஷன்கள் அப்போது சிக்கின. அதில் ஒன்றின் பெயர் ஃபீட்கீஸ். பெயரே சொல்கிறது, உள்ளீட்டு வரிசையில் கீக்களைப் போட்டுவைக்கும் ஃபங்ஷன் அது. சோர்ஸும் ஆச்சரியக்குறியும் சேர்ந்து செய்த அதே வேலை. 2007-இல் ஃபீட்கீஸைத் தடை செய்தவர்கள், "கீக்களை வரிசையில் போடும் வேறு வழி ஏதாவது இருக்கிறதா?" என்று அன்றே தேடியிருந்தால் 2019 நடந்திருக்காது. 2016-இல் மறுபடியும் ஒன்று, சிவிஇ-2016-1248. அங்கே ஃபைல் வகை, சிண்டாக்ஸ், கீமேப் ஆகிய செட்டிங்குகளின் மதிப்பைச் சரியாகச் சோதிக்காமல் விட்டிருந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் விம்மில் மோட்லைன் இயல்பாகவே இயங்கும் நிலையில்தான் வருகிறது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனருக்கு மட்டும் அணைந்திருக்கும். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் விநியோகங்கள் தங்கள் பொதியில் (பேக்கேஜில்) அதை எல்லோருக்குமே அணைத்துத் தருகின்றன. அந்த முடிவை விம்மே எடுத்திருக்க வேண்டும் என்பதுதான் என் குறை. ஒரு வசதி திரும்பத் திரும்ப அடி வாங்கித் தருகிறது என்றால், அது தேவைப்படுபவர்கள் இயக்கிக்கொள்ளட்டும்.

மற்ற எடிட்டர்கள் எப்படி என்று கேட்பீர்கள். ஈமேக்ஸிலும் 2017-இல் இதே ரகத்தில் ஒன்று வந்தது. வடிவமைப்போடு கூடிய டெக்ஸ்டைத் திறந்தால் உள்ளே ஒளிந்திருக்கும் நிரல் ஓடிவிடும். அந்த ஒன்றை அடைப்பதற்காகவே 25.3 பதிப்பை வெளியிட்டார்கள், அதுவும் மெச்சத்தக்கதே. நோட்பேட்++ விஷயம் வேறு. 2023 ஏப்ரலில் கிட்ஹப் செக்யூரிட்டி லேப் நான்கு ஓட்டைகளைத் தெரிவித்தது. ஆகஸ்டில் விவரங்கள் பொதுவில் வந்தபோதும் அவை அடைபடவில்லை. செப்டம்பரில் 8.5.7 வந்தபோதுதான் தீர்ந்தது. நோட்பேட்++ நல்ல எடிட்டர், விண்டோஸில் வேலை செய்யும் நண்பர்களுக்கு நானே சொல்வதுண்டு. ஆனால் அந்த மாதங்களையும் விம்மின் ஒரு நாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

விலை என்று எழுத ஒன்றும் இல்லை, விம் இலவசம். ஃபைல் பெயர் எதுவும் தராமல் திறந்தால் முதல் திரையிலேயே பல நேரம் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லும் வரி வரும். பிராம் மூலெனார் 1991-இல் விம்மை முதலில் வெளியிட்டார். பயன்படுத்துபவர்கள் மனமிருந்தால் அங்குள்ள குழந்தைகளுக்குப் பணம் கொடுக்கட்டும் என்பதுதான் அவர் கேட்ட கூலி. 2023 ஆகஸ்ட் 3-ஆம் தேதி அவர் இறந்தார். ஒரே மனிதரை நம்பியிருந்த திட்டம், இனி ஓட்டை வந்தால் யார் அடைப்பார்கள் என்று அப்போது உண்மையாகவே கவலைப்பட்டேன். கிறிஸ்டியன் பிராபாண்ட் முன்னின்று நடத்த, 2024 ஜனவரியில் வந்த 9.1 பதிப்பை மூலெனாருக்கே அர்ப்பணித்தார்கள். பேட்சுகள் இன்றும் எண் வரிசையில், ஒவ்வொன்றும் இன்ன பிரச்சினை, இன்ன தீர்வு என்ற இரண்டு வரியோடு வருகின்றன. அவர் பழக்கிய ஒழுங்கு அது.

வாங்குபவர்களுக்கு, அதாவது இன்ஸ்டால் செய்பவர்களுக்கு, சில நடைமுறை விஷயங்கள். விம்முக்குள் கோலன் போட்டு "வெர்போஸ் செட் மோட்லைன்" என்று தட்டி, இடைவெளி விடாமல் ஒரு கேள்விக்குறி போடுங்கள். இயங்குகிறதா, அணைந்திருக்கிறதா என்பதோடு, ஏதாவது ஒரு ஃபைல் அதை மாற்றியிருந்தால் எந்த ஃபைல் என்றும் காட்டும். முன்னால் நோ சேர்ந்து நோமோட்லைன் என்று வந்தால் அணைந்திருக்கிறது. இல்லையென்றால் உங்கள் விம்ஆர்சி என்ற செட்டிங் ஃபைலில் "செட் நோமோட்லைன்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லினக்ஸ் விநியோகங்கள் பழைய விம்மை வைத்துக்கொண்டே பாதுகாப்புப் பேட்சை மட்டும் அதில் சேர்ப்பதுண்டு. உபுண்டு 18.04-இல் அப்டேட் செய்தபின்னும் விம் தன்னை 8.0 என்றே சொல்லிக்கொள்ளும். ஓட்டை அடைபட்டதா என்பது பொதியின் எண்ணில்தான் தெரியும், 8.0.1453-1உபுண்டு1.1 அல்லது அதற்குப் பிந்தையது. அப்புறம், உபுண்டுவில் முழு விம்மை நிறுவாமல் வெறும் வைஐ என்று தட்டினால் வருவது விம்-டைனி. அதில் சூத்திரங்களைக் கணக்கிடும் பகுதியே சேர்க்கப்படுவதில்லை, அதனால் இந்த ஓட்டை அங்கே எட்டாது.

பழைய சர்வரில் அப்டேட் செய்ய விடமாட்டேன் என்று ஒரு வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தார், பில்லிங் நின்றுவிடுமோ என்ற பயம் அவருக்கு. அங்கே /இடிசி ஃபோல்டருக்குள் இருக்கும் பொதுவான விம்ஆர்சியில் நோமோட்லைன் வரியைச் சேர்த்துவிட்டு, விம்-டைனியை மட்டும் விட்டுவைத்து முழு விம்மை நீக்கிவிட்டேன். பில்லிங் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இயந்திரத்தை மாற்றுவதற்கான கொட்டேஷன் அவர் மேசையில் இருக்கிறது.